எறிந்துவிட்ட படலங்கள்

“அக்கா, நீங்க வேணாம்னு தூக்கிப் போட்ட ஃபிலிம் எல்லாம் எந்த நோட்ல இருக்கு?”

பிரகாஷ் இதைக் கேட்டபோது குளிர்கோட்டின் ஒரு கையை மட்டும் போட்டிருந்தேன். மற்றக் கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஜனவரி மாதம், பின்னேரம் நாலரை மணி. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் ஆய்வுகூடம் நிலக்கீழ் தளத்தில் இருந்தது. வெளியே இருட்டிவிட்டதா, பனி கொட்டுகிறதா என்பதெல்லாம் மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் சப்பாத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

பிரகாஷ் சென்னைக்காரன். கலாநிதிப் பட்டத்தை முடித்துவிட்டு எங்கள் பேராசிரியரிடம் இரண்டு வருட வேலைக்கு வந்தவன். வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. வயதில் என்னைவிடப் பத்து வருடம் இளையவன், படிப்பில் என்னைவிட ஒரு பட்டம் மூத்தவன். நானோ நாற்பது தாண்டியும் மாணவி.

“ஏன் கேக்கிறீர்?” என்றேன்.

“ஒண்ணுமில்லக்கா. நான் போட்டுப் பாத்தா சில ஃபிலிம்ல அந்த ஸ்டெப் வரவே மாட்டேங்குது. உங்க நோட்ல எல்லாத்துலயும் வருது. நீங்க எத்தன கழிச்சீங்க, எதுக்குக் கழிச்சீங்கன்னு தெரிஞ்சா எனக்கு ஈஸியா இருக்கும்.”

“பேந்து பாப்பம், தம்பி.”

‘பேந்து’ என்றால் பிறகு என்று அவனுக்கு விளங்கியதோ என்னவோ, தலையாட்டினான். நான் மற்றக் கையையும் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு மூன்றரைக் கிழமை இருந்தது. மெற்றோவில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் கவனித்தேன். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உழுந்துவடையும் மின்சாரமும்

இத்தனை வருடமாக அந்த நிலக்கீழ் அறையில் என்னதான் செய்தாய் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்பார்கள். ரீவித் திரைக்குள் இருக்கிற சாமானைப் பற்றிப் படித்தேன் என்று சொல்லித் தப்பிக்கொள்வேன். அது அரைப் பொய். முழு உண்மையை ஒருமுறை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

திரவப் பளிங்கு என்று ஒரு பொருள். பார்வைக்கு வெள்ளைக் களிம்பு. தண்ணீர் என்றும் சொல்ல முடியாது, கல் என்றும் சொல்ல முடியாது. அதில் ஒரு துளியை ஓர் ஓட்டையின் விளிம்பில் வைத்து, மெல்லிய கண்ணாடித் துண்டால் குறுக்கே இழுத்தால், ஓட்டையை மூடி ஒரு படலம் நிற்கும். சவர்க்காரக் குமிழியைப் போலத்தான், ஆனால் லேசில் உடையாது. பக்கத்தில் நின்று தும்மாமல் இருந்தால் நாள்கணக்கில் நிற்கும்.

இழுக்கிற கை ஒரே வேகத்தில் போகவேண்டும். எனக்குக் கை நல்லது. மொன்றியலுக்கு வந்த புதிதில் நான்கு வருடம் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்த கை அது. என் பேராசிரியர் மிஷெல் முதல் மாதமே அதைக் கண்டுபிடித்துவிட்டார். மற்ற மாணவர்கள் ஒரு நாளில் இழுக்கும் படலங்களை நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே இழுத்துவிடுவேன்.

படலத்தின் நிறத்தைப் பார்த்தால் அதன் தடிப்புத் தெரியும். பெற்றோல் சிந்திய மழைத்தண்ணீரில் தெரிகிற நிறங்கள்தான். வைக்கோல் மஞ்சள் என்றால் ஒரு தடிப்பு, கருநீலம் என்றால் இன்னொன்று. படலம் முழுக்க ஒரே நிறமாக இருக்கவேண்டும். பாதியில் நிறம் மாறினால் தடிப்பு மாறிவிட்டது என்று பொருள். அந்தப் படலத்தை வழித்து எறிந்துவிட்டு வேறொன்று இழுக்கவேண்டும். இது உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்வது, நியாயமானது.

எங்கள் படலத்துக்கு நடுவில் ஓர் உலோக வட்டு, வெளியே சுற்றிவர ஓர் உலோக வளையம். இடையில் படலம். உழுந்துவடையின் வடிவம். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவேன். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓர் இடத்தில், யாரும் தொடாமல், யாரும் கலக்காமல், அசையாமல் கிடந்த படலம் முழுக்கச் சுழிகளாகப் பிரியும். ஒன்று இடமாகச் சுழலும், பக்கத்தில் இருப்பது வலமாக. வடையைச் சுற்றிச் சோடி சோடியாக. முதன்முதல் நுணுக்குக்காட்டியில் ஒரு தூசித்துகள் அப்படிச் சுழலத் தொடங்கியதைப் பார்த்தபோது நான் அழுதேன். கொலர் தைத்த நான்கு வருடத்தில் எனக்கு ஒரு நாளும் இப்படி ஆச்சரியம் வந்ததில்லை.

நடுவட்டைச் சுற்றவிட்டால் கதை மாறும். சுழிகள் இலேசில் வராது, பிடிவாதமாக இருக்கும். இன்னும் அழுத்தத்தைக் கூட்டினால் ஒரேயடியாக வரும். படலத்தின் ஊடாகப் போகும் மின்னோட்டம் அப்போது சடாரென்று மேலே ஏறும். வரைபில் அது படிக்கட்டின் ஒரு படி போலத் தெரியும். பிரகாஷ் சொன்ன ‘ஸ்டெப்’ அதுதான். இந்த வேகத்தில் வட்டைச் சுற்றினால் படி வந்தே தீரும் என்பதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். மூன்றாம் அத்தியாயம்தான் ஆய்வேடு. மற்றதெல்லாம் முன்னுரையும் நன்றியுரையும்.

சிக்கல் இதுதான். சில படலங்களில் நிறம் மாறாது. ஆனாலும் படி வராது. மின்னோட்டம் நோகாமல், வளைந்து வளைந்து மேலே போகும். நான் என்ன நினைத்தேன் என்றால், என் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடத்தில் தடிப்பு மாறியிருக்கும். அதனால் அதையும் வழித்து எறிந்தேன்.

பற்றரி இல்லாத ஓமின் விதி

இதை விளங்கப்படுத்த நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் உயர்தர வகுப்புப் படித்த காலத்தில், போரினால் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. மின்சாரமும் கிடையாது. ஆனால் பாடத்திட்டம் போட்டவர்களுக்கு அது தெரியாது. பௌதிகவியலில் மின்னோட்டச் செய்முறைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றையும் செய்து, கொப்பியில் எழுதி, கையொப்பம் வாங்கவேண்டும்.

அம்பியர்மானி ஒன்று அலமாரிக்குள் இருந்தது. அதன் முள் அசைந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் சேர் கரும்பலகையில் இரண்டு நிரல் கீறுவார். இடப்பக்கம் அழுத்தம், வலப்பக்கம் மின்னோட்டம். இலக்கங்களை மனத்திலிருந்து எழுதிக்கொண்டே போவார். நாங்கள் அதை றஃப் கொப்பியில் இறக்கி, வரைபு கீறி, ஓமின் விதியை நிறுவி, பிறகு ஃபெயர் கொப்பியில் குண்டு குண்டான எழுத்தில் எழுதுவோம்.

ஒருநாள் ஒரு பிள்ளை எழும்பி, “சேர், எல்லாப் புள்ளியும் கோட்டிலையே கிடக்குது” என்றாள்.

“அப்ப ரெண்டைக் கொஞ்சம் விலத்தி வையுங்கோ. இல்லாட்டி ஆரும் நம்பமாட்டினம்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தோம். அந்த மனிதரில் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் வெண்கட்டியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அந்த வெண்கட்டியை வைத்து எங்களில் பலரைப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பிவைத்தார். எனக்குச் செய்முறையில் நல்ல புள்ளி.

ஆனால் அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிவிட்டது. சரியான விடை முதலில் இருக்கும், வாசிப்பு அதற்குப் பின்னால் வரும். றஃப் கொப்பியில் பிழைகள் இருக்கலாம், ஃபெயர் கொப்பியில் சரியானது மட்டும்தான் இருக்கவேண்டும்.

மொன்றியல் ஆய்வுகூடத்தில் முதல் நாள் மிஷெல் எனக்கு ஒரு கொப்பி தந்தார். தடித்த அட்டை, வழுவழுப்பான தாள், ஒவ்வொரு பக்கத்துக்கும் அச்சடித்த இலக்கம். “எல்லாம் இதற்குள்” என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நானோ அதைக் கையில் வாங்கியதும், ஆகா, எவ்வளவு நல்ல ஃபெயர் கொப்பி என்று நினைத்தேன். இப்படியொரு தாளில் யாராவது கிறுக்குவார்களா? அன்று பின்னேரமே வீட்டுக்குப் பக்கத்து டெப்பனர் என்கிற பெட்டிக்கடையில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். படலத்தை இழுக்கும்போது றஃப் கொப்பி. நாள் முடிகிற நேரம், நல்ல படலங்களை மட்டும் ஃபெயர் கொப்பியில் அழகாக இறக்கிவைப்பேன். மிஷெல் புதிதாக வருகிறவர்களுக்கு என் கொப்பியைக் காட்டி, கொப்பி எழுதினால் இப்படி எழுதவேண்டும் என்பார். பிரகாஷுக்கும் அப்படித்தான் காட்டியிருந்தார்.

நான் ஓர் இலக்கத்தைக்கூட மாற்றி எழுதவில்லை. யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கே போதாமல் இருக்கிறது.

குசினி லாச்சி

றஃப் கொப்பிகள் ஐந்தும் வில்லரேயில் எங்கள் வீட்டுக் குசினி லாச்சிக்குள், அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையில், பழைய பிளாஸ்டிக் பைகளுக்குக் கீழே கிடந்தன. பிரகாஷ் கேட்ட அன்று வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றாமலே எடுத்து மேசையில் போட்டேன்.

“நிறம் மாறிட்டுது. எறி.” “தூசி விழுந்திட்டுது. எறி.” “படி வரேல்லை. எறி.” எல்லாம் என் கையெழுத்துத்தான். நிறம் மாறியதையும் தூசி விழுந்ததையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எண்ணினேன். படி வந்தவை ஐந்து என்றால் வராதவை நான்கு இருந்தன. ஏதோ இடைக்கிடை ஒன்றிரண்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இவர் அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். என் கணவர் குணம் நகர பஸ் ஓட்டுகிறவர். ஒரு கிழமை விடிய வேலை, மறு கிழமை பின்னேர வேலை. விடிய வேலைக் கிழமைகளில் இரவுச் சாப்பாடு அவர் பொறுப்பு. நான் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

“என்னப்பா, பழைய கொப்பியளைக் கிண்டுறீர்?”

சொன்னேன். அவர் புட்டைக் கொட்டி, உதிர்த்து, முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

“நீர் எழுதின நம்பர் பொய்யோ?”

“இல்லை.”

“அப்ப என்ன பிரச்சினை?”

“எழுதாமல் விட்டதுதான் பிரச்சினை.”

“எழுதாததை ஆர் வந்து பாக்கப்போகினம்? அந்தத் தம்பியிட்டைக் கொப்பி துலைஞ்சு போச்செண்டு சொல்லும். உதுகளை றீசைக்கிளுக்குள்ளை போடும். முதல்லை பட்டத்தை எடும். பேந்து ஆறுதலா இருந்து திருத்தும்.”

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தேர்வு நாள் விருந்துக்கு அழைத்த குடும்பங்கள், பெயரும் தொலைபேசி இலக்கமுமாக. இவர் தன் கையால் எழுதியது. பாக் எக்ஸ்ரென்சன் பகுதியில் சமைத்துக் கொடுக்கிற ஓர் அக்காவிடம் ரோல்ஸுக்கும் புரியாணிக்கும் சொல்லியாகிவிட்டது. ரொறன்ரோவிலிருந்து இவருடைய அண்ணை குடும்பத்தோடு காரில் வருவதாக இருந்தது. எட்டு வருடம் இந்த மனிதர் மகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு நான் இல்லாமல் போய், விளங்காத பிரெஞ்சுக்குத் தலையாட்டிவிட்டு வந்தவர். அவருக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது.

களைப்பில் பல சாதி உண்டு. தொழிற்சாலைக் களைப்பு தூங்கினால் போகும். படித்துக் களைத்தால் சோதினை முடியப் போகும். இது அப்படிப்பட்டதல்ல. முடியப்போகிறது, முடியப்போகிறது என்று தன்னை இழுத்துக்கொண்டு வந்த ஒருத்திக்கு, கடைசி வளைவில் இன்னும் பாதித் தூரம் இருக்கிறது என்று சொல்வது போன்ற களைப்பு. எனக்கு அழவும் தெம்பு இருக்கவில்லை.

அவர் சொன்னதைத்தான் செய்தேன். மறைத்து என்ன பயன்? ஐந்து கொப்பிகளையும் றீசைக்கிள் பைக்குள் போட்டு முடிச்சும் போட்டேன். விடிந்ததும் முடிச்சை அவிழ்த்து வெளியே எடுத்தேன். மனச்சாட்சி என்று பெரிய சொல்லெல்லாம் வேண்டாம். பிரகாஷ் திரும்பவும் கேட்பானே என்ற பயம்தான்.

பேனா அவனிடம்

மறுநாள் அவன் கேட்கவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன்.

“தம்பி, இந்தக் கிழமை நான் படலம் இழுக்கிறன். நீர் எழுதும். நான் எறியச் சொன்னாலும் எழுதும்.”

“என்னக்கா, என்னையப் போலீஸ்காரன் ஆக்கிட்டீங்க?” என்று சிரித்தான். ஆனால் எழுதினான். மிஷெல் தந்த இலக்கமிட்ட கொப்பியில், ஒவ்வொரு படலத்துக்கும் நேரம், நிறம் எல்லாம் போட்டு, கோழி கிளறிய எழுத்தில் எழுதினான்.

எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. எறிந்ததெல்லாம் உண்மையிலேயே பழுதான படலங்களாக இருந்துவிட்டால்? அப்படியென்றால் பிரச்சினையே இல்லை. கொப்பியில் எழுதாதது மட்டும்தான் குற்றம்.

முதல் படலம் வைக்கோல் மஞ்சள். படி வந்தது. இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவதை இழுத்து, வட்டைச் சுற்றவிட்டு, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். திரையில் இலக்கங்கள் மெல்ல மெல்ல ஏறின. படி வரவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. என்னை அறியாமலே என் கை கண்ணாடித் துண்டை எடுத்தது.

“அக்கா, கைய எடுங்க. கலர் மாறல.”

“தடிப்பு மாறியிருக்கும்.”

“எத வெச்சு சொல்றீங்க?”

சொல்லவந்ததை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். படி வராததால் தடிப்பு மாறியிருக்கும். தடிப்பு மாறியதால் படி வரவில்லை. எட்டு வருடத்தில் ஒரு தடவையாவது இதை நான் சத்தமாகச் சொல்லிப் பார்த்திருந்தால் எனக்கே கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் எழுதிய கணக்கும் என் குசினி லாச்சிக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். படலங்களில் பிழை இல்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவான படலங்கள் அப்படித்தான். மூன்றாம் அத்தியாயம்தான் பிழை.

“இது இன்னும் இன்ட்ரஸ்டிங்க்கா,” என்றான் பிரகாஷ். “சிலதுல வருது, சிலதுல வரல. ஏன்னு கேக்கலாம்ல? புதுக் கேள்வி.”

“உமக்குப் புதுக் கேள்வி. எனக்கு எட்டு வருசம்.”

அவன் முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கொப்பியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க டிஃபென்ஸ முடிங்க. அப்புறமா ரெண்டு பேருமா சேந்து மிஷெல்கிட்ட சொல்லலாம். எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாட்டிக்கொண்டேன் என்று அழுதுவிட்டுப் போயிருப்பேன். இவன் கதவைத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். இனி போவதும் போகாததும் என் தலையில் வந்து விழுந்தது. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஐந்து கொப்பிகளையும் முதலிலிருந்து திரும்ப எண்ணினேன்.

மிஷெலின் மேசை

திங்கட்கிழமை காலை ஐந்து கொப்பிகளையும் மிஷெலின் மேசையில் வைத்தேன்.

மிஷெல் உயரமான, சத்தம் போடாத மனிதர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம், இடையில் அவருக்குப் பிரெஞ்சு வந்து விழும். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரு கொப்பியைப் பிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாதே. இலக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பக்கம் புரட்டினார்.

“இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இது என்ன?” என்று விரலை வைத்தார்.

“எறி,” என்றேன்.

“என்ன அர்த்தம்?”

“தூக்கிப் போடு என்று.”

பென்சிலை எடுத்தார். அந்தச் சொல்லின் உருவத்தை வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டு போனார். கோடுகள் வந்துகொண்டே இருந்தன. நான் எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட வெட்கப்பட்ட நேரம் இல்லை.

“இப்படிச் செய்யும்படி உனக்கு யார் சொல்லித் தந்தது, வதனி?”

அந்த இடத்தில் நான் யாழ்ப்பாணத்தைச் சொல்லியிருக்கலாம். பற்றரியையும் கரும்பலகையையும் போரையும் சொல்லியிருக்கலாம். போரைச் சொன்னால் இங்கே எல்லோர் முகமும் உடனே இளகும். அதை நான் முன்பு வேறு இடங்களில் செய்தும் இருக்கிறேன். அன்றைக்கு அந்த இளக்கம் எனக்கு வேண்டாம் என்று பட்டது. அந்தப் படலங்களை எறிந்தது போர் அல்ல.

“ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான்தான்.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “உன் வரைபுகள் அளவுக்கு மீறி அழகாக இருந்தன. நான் அப்போதே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எனக்கும் அந்தப் படி பிடித்திருந்தது.”

பிறகு அவர் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். மூன்றாம் அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு நிற்காது. முதலிலிருந்து அளக்கவேண்டும். உதவிப் பணம் இளவேனிலோடு முடிகிறது, அதற்குப் பிறகு என்னவென்று அவரால் உறுதி சொல்ல முடியாது. கடைசியில், என்ன செய்யவேண்டும் என்று என்னிடமே கேட்டார்.

“தேர்வை நிறுத்துங்கள்” என்றேன்.

தேர்வுக் குழுவுக்கு அவர் எழுதிய கடிதத்தைத் திரையைத் திருப்பி எனக்குக் காட்டினார். மாணவியின் வேண்டுகோளின்படி என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு எழும்பி நின்று, “மெர்சி” என்றார். இந்த ஊரில் நன்றிக்கு அந்தச் சொல்தான், பஸ்ஸில் ஏறினாலும் மெர்சி, கதவைப் பிடித்தாலும் மெர்சி. அன்றைக்கு அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு பட்டத்தை முடிக்க எனக்கு மூன்று குளிர்காலம் பிடித்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில படலங்களில் படி ஏன் வருவதில்லை என்பதைக் கண்டுபிடித்தது பிரகாஷ்தான். அந்தக் கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது, அது சரியான இடம்தான்.

பட்டியல்

வீட்டுக்கு வந்தபோது பகல் ஒரு மணி. அந்தக் கிழமை இவருக்குப் பின்னேர வேலை. சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட உட்காரப் போனவர் என் முகத்தைப் பார்த்ததும் நின்றார். சப்பாத்தைக் கழற்றியபடி வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குக் கிட்டப் போய், ஒட்டியிருந்த பட்டியலைக் கிழியாமல் எடுத்து, மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

முதலில் லவாலில் இருக்கிற தேவன் மச்சான். “ஓம் மச்சான், திகதி மாத்திப்போட்டாங்கள். யூனிவேர்சிற்றியிலை ஏதோ றூம் பிரச்சினையாம்.”

அடுத்தவரிடம், பேராசிரியருக்குச் சுகமில்லை என்றார். அதற்கடுத்தவரிடம், சோதிக்க வருகிற ஒருவருக்கு விசா கிடைக்கவில்லை என்றார். சாப்பாட்டு அக்காவுக்கு, “ஒண்டுமில்லை அக்கா, பனியெண்டபடியால் தள்ளிவச்சிருக்கினம், பேந்து சொல்லுறன்.” ஆளுக்கொரு பொய். இந்த மனிதருக்கு இவ்வளவு கற்பனை இருக்கிறதென்று எனக்கு அன்றுவரை தெரியாது. எதிரில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பொய்யும் எனக்காகத்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசிப் பெயர் ரொறன்ரோ அண்ணை. எங்களை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர். இவர் தகப்பனுக்குப் பயந்ததைவிட அவருக்குத்தான் பயந்தவர். போன் மேசையில், சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்தது.

“அண்ணை, அந்தச் சோதினை விசயம்... திகதி கொஞ்சம்...”

“என்னடா குணம், பெயிலோ?”

இவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இல்லை அண்ணை. பெயிலில்லை. அவவே போய் நிப்பாட்டிப்போட்டா.”

“ஏனாம்?”

“அவ செய்ததிலை ஒரு பிழை இருந்திருக்கு. அவ வாய் திறந்திராட்டி ஒருத்தரும் கேட்டிரமாட்டினம். நானும் வாய் திறக்காதையும் எண்டுதான் சொன்னனான், அண்ணை. அவ கேக்கேல்லை.”

லைன் அறுந்துவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

“அந்தப் பிள்ளை சாப்பிட்டுதோ?” என்று கேட்டார் அண்ணை.

“இன்னுமில்லை.”

“முதல்லை சாப்பாட்டைக் குடு.”

இவர் எழும்பிப் போய், தனக்கென்று போட்டுவைத்திருந்த சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்தார். கறியைத் திரும்பச் சூடாக்கி ஊற்றினார். வேலைக்குப் போக அரை மணித்தியாலம் இருந்தது. பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் இலக்கத்தை அழுத்தினார்.

“தேவன் மச்சான், நான்தான் குணம். நான் முதல் சொன்னது பொய், மச்சான். இப்ப உண்மையைச் சொல்லுறன், கேளும்.”

நான் சோற்றைக் குழைத்தேன். அழுகை வந்தது, பசியும் இருந்தது. அவர் பட்டியலில் அண்ணைக்கு முந்தின ஆள் வரைக்கும் வந்து முடிப்பதற்குள் நான் கோப்பையைக் காலி பண்ணிவிட்டேன்.